சும்மா இருக்க ஓர் இடம்

(விசுவமடுவில் வாசிகசாலை ஆண்டு நிறைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர் முடிந்து முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய நாட்களில் நாங்கள் எத்தனை படிவம் நிரப்பினோம் என்று நினைத்துப் பாருங்கள். வீடு கல்வீடா, மண்வீடா? கூரை ஓடா, தகரமா, கிடுகா? கிணறு கட்டியதா, கட்டாததா? மாடு எத்தனை, தென்னை எத்தனை, உழவு இயந்திரம் இருந்ததா? கிராம சேவையாளர் கேட்டார், தொண்டு நிறுவனங்கள் கேட்டன, வங்கியும் கேட்டது. இழந்ததையெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதிக் கொடுத்தோம். ஆனால் பின்னேரம் வேலை முடிந்தால் எங்கே போய் இருந்தீர்கள் என்று ஒரு படிவமும் கேட்கவில்லை. எந்த வெளியில் பந்தடித்தீர்கள், எங்கே பத்திரிகை பார்த்தீர்கள், எந்த முன்றலில் விடிய விடியக் கூத்துப் பார்த்தீர்கள், அந்த இடம் இப்போது யாருடைய கையில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு உறுதி இருக்கும். குடியேற்றத் திட்டத்துக் காணியென்றால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிற் இருக்கும். அது தொலைந்தாலும் கச்சேரியில் ஒரு பதிவாவது கிடக்கும். ஊரார் கூடியிருந்த மதகுக்கும் மரத்தடிக்கும் பந்து வெளிக்கும் எந்தக் கடுதாசி இருக்கிறது? கடுதாசி இல்லாத ஒன்றை இழந்தேன் என்று யார் போய்ப் பதிவது?

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஊரார் சேர்ந்து சும்மா இருந்த இடங்களுக்கு உறுதி முடிக்க நொத்தாரிசால் ஏலாது, கலைஞரால் ஏலும். உலகத்தில் வேறு இடங்களில் கலைஞர்கள் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். எங்களுடைய மண்ணில் பிறந்த ஓர் ஓவியர் அதற்கு நல்லதொரு வழியும் காட்டியிருக்கிறார். அந்த வழியை விசுவமடுவில் எப்படிப் பின்பற்றலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

பொழுதுபோக்கு இடம் என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். வயிற்றுக்கே வழி தேடுகிற ஊரில் இதென்ன கதை என்பார்கள். அவர்களுக்குப் பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஆய்வொன்றை நினைவூட்ட விரும்புகிறேன். தமிழ்ச் சினிமா எப்படி அரசியலின் ஊடகமாயிற்று என்று 1981இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் சொன்ன ஒரு கருத்து இன்றைக்கும் பேசப்படுகிறது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஓர் ஆட்டத்தைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்றார். அங்கே யார் எங்கே இருப்பது என்பதைப் பிறப்புத் தீர்மானிக்கவில்லை, வாங்கிய டிக்கெற் தீர்மானித்தது.

இதன் கனத்தை உணர வேண்டுமானால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை நினைக்க வேண்டும். கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாது. தேநீர்க் கடையில் சிலருக்குப் போத்தலில்தான் தேநீர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு கலரி டிக்கெற் வாங்கியவன் மற்றவனுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரச இருந்தான். காசுள்ளவன் மேலே போனான் என்பது உண்மைதான், அதிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆனாலும் ஊர் எப்படி இருக்கலாம் என்பதற்கு அந்த மூன்று மணி நேரம் ஒரு மாதிரி காட்டியது. பொதுப் பொழுதுபோக்கு இடத்தைக் கனவின் இடம் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

இந்தக் கனவை மற்ற நாட்டவர்களும் கண்டார்கள். இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் நியூ பிரைட்டன் என்றொரு கடற்கரைப் பட்டினம் இருக்கிறது. 1934இல் அங்கே திறந்தவெளி நீச்சல்குளம் ஒன்றைப் பெரிதாகக் கட்டினார்கள். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்பவனுக்கும் வெயிலும் தண்ணீரும் ஓய்வும் உரியவை என்ற எண்ணத்தில் அந்த நாட்டில் அப்படிப் பல குளங்கள் எழுந்தன. அரை நூற்றாண்டு கழித்து, ஊரில் வேலை இல்லாமற்போன காலத்தில், மார்ட்டின் பார் என்ற புகைப்படக் கலைஞர் 1983 முதல் 1985 வரை அங்கே படம் எடுத்தார். ‘கடைசிப் புகலிடம்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1986இல் அது நூலாக வந்தது. குப்பைக்கு நடுவே குடும்பங்கள் வெயில் காய்கின்றன; ஐஸ்கிறீமுக்குப் பிள்ளைகள் நெருக்குப்படுகிறார்கள்; சீமெந்துத் தரையில் குழந்தையோடு தாய் கிடக்கிறாள். இடம் சிதைந்துபோயிற்று, சனம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 1990இல் ஒரு புயலில் அந்தக் குளம் சேதமாகி மூடப்பட்டது. இன்று அந்தப் பிற்பகல்களுக்குச் சாட்சி இந்தப் படங்கள்தான். ஆனால் படங்கள் வந்தபோது சண்டையும் வந்தது. ஏழைகளைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று கேட்டார்கள். யார் யாரைப் படம் பிடிக்கலாம் என்ற அந்தக் கேள்வியை மனதில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த இரண்டு பெண் கலைஞர்கள், சபீன ஹௌபிட்ஸ், ஸ்டெஃபானி சோக, 2010 முதல் 2013 வரை தென்னிந்தியத் திரையரங்குகளைத் தேடித் தேடிப் படம் எடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய இருபது முப்பது ஆண்டுகளில் எழுந்த ஒற்றைத்திரைக் கொட்டகைகள்தான் அவற்றில் முக்கியமானவை. மேல்நாட்டு நவீனக் கட்டடக்கலையை எங்கேயோ பார்த்துவிட்டு, அதோடு உள்ளூர்க் கொத்தனாரின் கைவண்ணத்தையும் கூட்டி, இளஞ்சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் தீட்டிய முகப்புகள். அந்தப் படங்களில் ஆட்கள் இல்லை. கட்டடத்துக்கு நேரெதிரே நின்று, ஓர் ஆளை அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பதுபோல, நிதானமாக எடுத்திருக்கிறார்கள். ஹௌபிட்ஸ் 2014இல் இறந்துபோனார். அந்தப் படங்கள் 2016இல் லைப்சிக் நகரில் நூலாக வெளிவந்தன.

அவர்கள் தேடித் தேடி எடுத்ததற்குக் காரணம் இருந்தது. மதுரை தங்கம் தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர் மார்தட்டிய கொட்டகை. இன்று அந்த இடத்தில் துணிக்கடை. முதலில் தொலைக்காட்சி வந்தது, பிறகு பல்திரை அரங்கு வந்தது, காணியின் விலை படத்தின் வசூலைவிட ஏறிவிட்டது. குண்டு எதுவும் விழவில்லை. வியாபாரக் கணக்கு ஒன்றே போதுமாயிருந்தது.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. றீகல், வெலிங்டன், வின்சர், ராணி, மனோகரா, ஸ்ரீதர், லிடோ என்று அடுக்கிச் சொல்லும் தலைமுறை இந்த மண்டபத்திலும் இருக்கிறது. அவற்றில் பல, கணக்குத் தப்பி மூடியவை அல்ல. மின்சாரம் போயிற்று, பொருளாதாரத் தடை வந்தது, செல் விழுந்தது, இடப்பெயர்வு வந்தது. ஸ்ரீதர் தியேட்டர் நெடுங்காலம் ஓர் அரசியல் கட்சியின் அலுவலகமாக இருந்தது. பொது நூலகத்தின் கதையை நான் சொல்லத் தேவையில்லை. 1933இல் க.மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பிடம், 1959இல் மாளிகையாக எழுந்து, 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்டது. எரிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. அதைப் பற்றிச் சோமீதரன் 2008இல் ‘எரியும் நினைவுகள்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். கவிதை, கட்டுரை, ஓவியம் என்று எத்தனையோ வந்தன. பெரிய கட்டடம் எரிந்தால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. தகரக் கூரையும் அரைச்சுவருமாக நின்ற ஊர் வாசிகசாலை போனால் அந்த ஊர்கூடச் சில வருடத்தில் மறந்துவிடுகிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். விசுவமடு கனவில் பிறந்த ஊர். 1960களின் பிற்பாதியில் படித்த வாலிபர் திட்டம் வந்தது. படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்காகக் காத்திருந்த பொடியன்களுக்குக் காட்டுக் காணி கொடுத்து, தோட்டம் செய்யச் சொன்னார்கள். 1970க்குப் பிறகு இறக்குமதி இறுக்கப்பட்டதும் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தது. விசுவமடு மிளகாய் என்றால் சந்தையில் ஒரு பெயர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது விலை விழுந்தது. ஆனாலும் கனவு முற்றாகப் போய்விடவில்லை. எங்களைச் சுற்றியிருக்கும் ஊர்களின் பெயரைப் பாருங்கள்: வள்ளுவர்புரம், இளங்கோபுரம், சுதந்திரபுரம், தர்மபுரம். காட்டை வெட்டியவர்கள் புலவர்களின் பெயரையும் விழுமியங்களின் பெயரையும் வைத்தார்கள். குழந்தைகளுக்கு உதவிய நோர்வே நாட்டு நிறுவனமொன்றின் பெயர் றெட்பானா என்று ஓர் ஊருக்கே நிலைத்துவிட்டது. நல்ல வாழ்வு வரும் என்று நம்பியவர்கள் வைத்த பெயர்கள் இவை.

ஆனால் குடியேற்றத் திட்ட வரைபடத்தில் வயல் இருக்கும், மேட்டுக்காணி இருக்கும், வாய்க்கால், வீதி, பள்ளிக்கூடம், சங்கக்கடை இருக்கும். ஆறுதலாக இருக்கும் இடம் அதில் இராது. அதைச் சனம்தான் உண்டாக்கியது. வாய்க்காலுக்கு மேல் போட்ட மதகின் கட்டு இருக்கையாயிற்று. குளக்கட்டு மாலை உலாவும் இடமாயிற்று. அறுவடை முடிந்த வயல் பந்து வெளியாயிற்று. கோயில் முன்றல் கூத்துக் களரியாயிற்று. வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாட்டு வண்டி கட்டிப் போன பயணமும் பாதிப் பொழுதுபோக்குத்தான்.

இவை எல்லாவற்றிலும் கனவுக்கு நெருங்கியது வாசிகசாலை. உட்பக்கத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். நடுவில் நீட்டு மேசை, இரு பக்கமும் வாங்கு. காலைப் பத்திரிகை யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து சேர மத்தியானம் திரும்பிவிடும். வந்ததும் அதைத் தாள் தாளாகப் பிரிப்பார்கள். முதற்பக்கம் ஒருவர் கையில், விளையாட்டுச் செய்தி இன்னொருவர் கையில், மரண அறிவித்தல் மூன்றாமவர் கையில். ஒரு பத்திரிகையை ஒரே நேரத்தில் நாலு பேர் வாசிப்பார்கள். தன் தாளை முடித்தவர் மற்றவரின் தாளுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது கதை வரும், கதையிலிருந்து வாக்குவாதம் வரும். எழுத்துத் தெரியாத பெரியவருக்காக ஒருவர் குரல் கொடுத்து வாசிப்பார். மூலையில் கரம் போட். வெளியே கரப்பந்து வலை. இருட்டினால் பெற்றோல்மாக்ஸ். இந்த இடத்தில் இருக்க ஒருவரும் காசு கேட்கவில்லை, ‘என்ன வேலையாய் வந்தனீர்?’ என்றும் கேட்கவில்லை.

அதை நான் பொற்காலமாக்க வரவில்லை. அந்த வாங்கில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? இங்கே இருக்கும் அம்மாமார் சொல்லட்டும். வாசிகசாலை வாசலைத் தாண்டிப் போகும்போது பார்வையைத் தாழ்த்திக்கொண்டு போன பெண்பிள்ளைகள்தான் அதிகம். பெண்கள் ஆறுதலாகக் கதைத்த இடங்கள் வேறு: குழாய்க்கிணற்றடி, சங்கக்கடை வரிசை, நாற்று நடும் வயல் வரம்பு, மாதர் சங்கக் கூட்டம் தொடங்குவதற்கு முந்திய அரைமணி நேரம். எல்லாம் ஒரு வேலையைச் சாட்டிப் போன இடங்கள். சும்மா இருப்பதற்கும் பெண்ணுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. கனவின் குறை எது என்றால் இதுதான். ஆவணப்படுத்தும்போது இந்தக் குறையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தொண்ணூறுகளில் தடைக்காலம் வந்தது. பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கு. அப்போதும் சனம் பொழுதைத் தனியே கழிக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோ பாடியது. சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும், உடனே இன்னொருவர் கை கொடுப்பார். பாட்டுக் கேட்பதற்கே பத்துப் பேர் சேர வேண்டியிருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏ-9 வீதி திறந்தது. கிளிநொச்சியில் சந்திரன் பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சலாடினார்கள். ‘பாண்டியன் சுவையூற்று’க்குக் குடும்பத்தோடு போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வருவது ஒரு பெரிய உலாத்தாக இருந்தது. அந்த இடங்கள் அப்போது இங்கே ஆண்ட விடுதலைப் புலிகள் தங்களுடைய கனவைச் சனத்துக்குக் காட்டிய இடங்கள். நிறுவியவர்களுக்கு அதில் ஓர் அரசியல் இருந்தது. போன பிள்ளைக்கு ஊஞ்சல் இருந்தது. இரண்டும் உண்மை. பின்னர் 2007, 2008இல் ஆட்சேர்ப்புக்குப் பயந்து வளர்ந்த பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்துவைத்த தாய்மாரும் இதே ஊர்களில்தான் இருந்தார்கள். செல் விழுவதற்கு முன்பே மைதானம் வெறுமையாகிவிட்டது. எழுதுகிறவர் இதை விட்டுவிட்டு எழுதினால் அது ஆவணமாகாது, விளம்பரமாகிவிடும்.

2009 ஜனவரியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போன சனம் என்னென்ன எடுத்துப் போனது என்று உங்களுக்குத் தெரியும். கரம் போட்டை யாரும் எடுத்துப் போகவில்லை.

திரும்பி வந்தபோது புதியதொரு பொழுதுபோக்கு எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பக்கத்திலேயே நினைவுப் பொருட்கடை. சந்திரன் பூங்கா என்று நாங்கள் சொன்ன இடத்தில் செல் துளைத்த கொங்கிறீற்றுக் கட்டியும் அதன் மேல் தாமரையுமாகப் போர் வெற்றிச் சின்னம் எழுந்தது. புதுக்குடியிருப்புப் பக்கம் கடற்புலிகள் பயிற்சி எடுத்த ஆழமான நீச்சல்குளமும் புலிகளின் தலைவருடைய நிலக்கீழ் வீடும் பார்வையிடங்களாயின. அந்த வீடு 2013இல் தகர்க்கப்பட்டது. குழந்தையைத் தோளில் தூக்கி வைத்து அந்தக் குளத்தைக் காட்டிய தகப்பன்மாரை நான் குறை சொல்லமாட்டேன். விடுமுறைக்கு வந்த குடும்பம் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஆனால் மார்ட்டின் பாரிடம் கேட்ட கேள்வி இங்கே திரும்ப வருகிறது: யார் யாருடைய இடத்தைப் படம் பிடிக்கிறார்கள்? விசுவமடுவைப் பற்றிய படங்கள் எத்தனையோ வீடுகளின் அல்பத்திலும் போனிலும் இருக்கின்றன. அவற்றில் விசுவமடுக்காரர் சும்மா இருந்த ஒரு பின்னேரம் இல்லை.

எங்களுக்கும் கட்டடங்கள் வந்தன. அதை மறுக்கக்கூடாது. பொதுநோக்கு மண்டபம் வந்தது, நன்கொடையாளர் பெயர்ப் பலகை வந்தது, மின்விசிறி வந்தது, பிளாஸ்ரிக் கதிரை வந்தது. கூட்டம் என்றால் வருகிறோம், பயிற்சிப் பட்டறை என்றால் வருகிறோம், பதிவு என்றால் நேரத்தோடு வருகிறோம். கூட்டம் முடிந்ததும் மண்டபம் பூட்டப்படும், திறப்பு ஒருவர் வீட்டில் தொங்கும். பொடியன்கள் மதகில் இருக்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு போன். போனைக் குறை சொல்லி என்ன பயன்? போர் இடத்தைப் பறித்தது. பிறகு இடம் வந்தது, அங்கே போய் இருக்கும் பழக்கம் வரவில்லை. ஆகவே நாங்கள் பதிய வேண்டியது கட்டடத்தை மட்டுமல்ல, பழக்கத்தையும்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன ஓவியர் வருகிறார். தாமோதரம்பிள்ளை சனாதனன் யாழ்ப்பாணத்துக்காரர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு அவருடைய நூல் வெளிவந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே வைத்திருந்த காணிப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம், அதில் என்ன மரம், எவ்வளவு வரி என்று ஆள வந்தவன் எழுதி வைத்த கணக்கு. சனாதனன் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். வீட்டை இழந்து இடம்பெயர்ந்த தமிழர், முஸ்லிம்களிடம் போனார். உங்கள் வீட்டை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து தாருங்கள் என்றார். ஓவியம் தெரிந்தவர்களிடம் அவர் கேட்கவில்லை. பென்சில் பிடிக்கக் கூச்சப்பட்டவர்களும் வரைந்தார்கள். அந்தக் கைவரைவு ஒரு பக்கம், அதே வீட்டுக்குக் கட்டடக்கலை முறைப்படி வரைந்த படம் இன்னொரு பக்கம், அவற்றைப் பார்த்துச் சனாதனன் தீட்டிய ஓவியம் மூன்றாவது. இப்படி 80 பேரின் வீடுகள். பார்த்தால் அலுவலகக் கோப்புப் போலவே இருக்கும். எடுத்து விரித்தால் உள்ளே கிடப்பது ஆட்களின் வாழ்வு.

இந்த முறையின் நுட்பம் எங்கே இருக்கிறது? படம் பிடிக்க அங்கே வீடு இல்லை. ஆகவே கமெராவுக்கு வேலை இல்லை, நினைவுக்குத்தான் வேலை. தியேட்டர் முகப்பின் முன் நின்று ஜெர்மன் கலைஞர்கள் எடுத்ததுபோல எங்களால் எடுக்க முடியாது, முகப்பே போய்விட்டது. அடுத்தது, வரைபவர் வெளியாள் அல்ல. இழந்தவரே வரைகிறார், கலைஞர் பக்கத்தில் இருந்து கேட்கிறார். யார் யாரைப் படம் பிடிக்கலாம் என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான விடை எனக்குத் தெரியாது.

சனாதனன் வீடுகளுக்குச் செய்ததை ஊர்ப் பொது இடங்களுக்கு நாங்கள் செய்ய வேண்டும். வீட்டை ஒரு குடும்பம் நினைவில் வைத்திருக்கும். மதகை எவர் வைத்திருப்பார் என்பது தெரியாது. ஆகவே அதற்கு ஒரு தாள் போதாது, பல பேரின் தாள் வேண்டும்.

செய்முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள், பழைய வாசிகசாலை வளவு என்று வைப்போம். அதைத் தெரிந்த ஒரு பெரியவர், ஒரு பெண், அப்போது சிறு பிள்ளையாக இருந்த ஒருவர், இந்த மூன்று பேரிடமும் தனித்தனியே தாள் கொடுங்கள். ஒருவர் வரைந்ததை மற்றவருக்குக் காட்டாதீர்கள். பெரியவர் மேசையையும் வாங்கையும் வரைவார். சிறு பிள்ளையாக இருந்தவர் கரப்பந்து வலையையும், பந்து போய் விழும் பக்கத்து வளவையும், அந்த வளவின் நாயையும் வரைவார். அந்த அம்மா வாசலை மட்டும் வரைந்துவிட்டு, தான் நடந்து போன ஒழுங்கையை நீட்டி வரைவார். மூன்றும் பொருந்தாது. பொருத்த முயல வேண்டாம். எந்த இடத்தில் பொருந்தவில்லையோ அங்கேதான் ஊர் இருக்கிறது. யாருக்கு அந்த இடம் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதை அந்த வித்தியாசம் சொல்லிவிடும்.

அடுத்து, படத்தின் ஓரத்தில் நேரத்தை எழுதுங்கள். விடியப்புறம் அங்கே யார், மத்தியானம் யார், பொழுதுபட்ட பிறகு யார்? பொருளை எழுதினால் அது அரும்பொருட் பட்டியலாகிவிடும். நேரத்தை எழுதினால்தான் பழக்கம் தெரியும். அதற்குப் பிறகு, இன்று அந்த இடத்துக்குப் போய், படம் வரைந்தவரையே நிற்கவைத்து, அவர் பார்க்கும் திசையில் ஒரு புகைப்படம் எடுங்கள். அங்கே பற்றை இருக்கலாம், கடை இருக்கலாம், முட்கம்பி இருக்கலாம், புதிய மண்டபம் இருக்கலாம். எது இருந்தாலும் அப்படியே எடுங்கள். சோகமாகத் தெரியவேண்டும் என்று பொழுது சாயும்வரை காத்திருக்காதீர்கள். இடிபாட்டை அழகாக எடுப்பது இலகு. அந்த அழகு பார்ப்பவரைக் கவலைப்படவைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

‘நினைவை வைத்துச் சோறு ஆக்கலாமோ?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கைக்கெட்டும் பயன் ஒன்றைச் சொல்கிறேன். பிரதேச சபைக்குப் பூங்கா அமைக்க நிதி வரும், மைதானம் திருத்த நிதி வரும். திட்டம் எங்கேயோ ஒரு மேசையில் வரையப்படும். வெயில் கொளுத்தும் இடத்தில் நிழலில்லாத வாங்கு போடுவார்கள், ஆறு மணிக்குப் பூட்டும் வாசல் வைப்பார்கள், பெண்களுக்கு இருக்க இடம் எங்கே என்று யோசிக்கமாட்டார்கள். பிறகு, சனம் பாவிக்கவில்லை என்று அறிக்கை எழுதுவார்கள். அப்போது உங்கள் கையில் இந்தத் தாள்கள் இருக்க வேண்டும். இந்த ஊரார் எந்த நிழலில் இருந்தார்கள், எந்த நேரத்தில் கூடினார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதற்கு அது அத்தாட்சி. காணி விடுவிப்புக் கூட்டங்களில் தனியார் உறுதிகளை அடுக்குவார்கள். பொது இடத்துக்காக அடுக்க எங்களிடமும் ஒரு கட்டு இருக்க வேண்டும்.

இந்த வேலைக்குத் திட்ட முன்மொழிவு வேண்டாம், நன்கொடையாளர் பலகையும் வேண்டாம். ஏ-3 தாள் ஒரு கட்டு, பென்சில் ஒரு பெட்டி, கேட்கப் பொறுமையுள்ள நாலு பிள்ளைகள் இருந்தால் போதும். ஓவிய ஆசிரியர்கள் உயர்தர மாணவரின் செயற்றிட்டமாகவே இதைக் கொடுக்கலாம். பெரியவர்களின் வயதைப் பார்த்தால் இது தள்ளிப்போடக்கூடிய வேலையுமல்ல. படித்த வாலிபர் திட்டத்தில் வந்து காடு வெட்டியவர்களில் இன்னும் இருப்பவர்கள் எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிர்வாகத்தினரிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். இந்த வேலையை வீடு வீடாகப் போய்ச் செய்ய வேண்டாம். இந்த மண்டபத்திலேயே, நீட்டு மேசையொன்றைப் போட்டு, ஞாயிறு பின்னேரங்களில் செய்யுங்கள். வரைய வருபவர் வரைந்து முடித்த பிறகும் எழும்பிப் போக அவசரப்படமாட்டார். பார்க்க இன்னும் இரண்டு பேர் வருவார்கள், அவர் கோட்டைப் பிழை என்பார்கள், வாக்குவாதம் வரும், தேத்தண்ணி வரும். அம்மாமாருக்கும் இங்கே வந்திருக்க நல்லதொரு சாட்டுக் கிடைக்கும். சில கிழமையில் சாட்டில்லாமலே வருவார்கள். தோம்பு எழுதி முடிய எவ்வளவு காலம் எடுத்தாலும் எடுக்கட்டும். அதுவரைக்கும் திறப்பை யாருடைய வீட்டிலும் தொங்கவிடாதீர்கள்.